பழைய பந்து பையில் இருக்கட்டுமா?

புதுப் பந்து வந்த கையோடு பழையதைப் பரணில் ஏற்றிவிடுகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது: அது எதைச் செய்யவில்லை என்று ஏற்றினீர்கள்? பெரும்பாலும் வரும் பதில், "புதுசு மாதிரி வளையவில்லை." வளையாதுதான். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கவர் (பந்தின் மேலோடு), அந்தக் காலத்து யோசனையில் செய்த கோர் (உள்ளே இருக்கும் எடைக்கட்டி), அது எப்படி இன்றைய பந்துக்கு ஈடாக வளையும்? ஆனால் பையில் இருக்கிற நாலு பந்தும் ஒன்றைவிட ஒன்று அதிகமாக வளைய வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்?

(கிரிக்கெட் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டவர்கள் மன்னிக்கவும், இது பத்துப் பின்னை நிறுத்தி வைத்து உருட்டுகிற டென்பின் பவுலிங் சமாசாரம்.)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பந்துக்குப் பழைய வலுவைத் திரும்பக் கொடுக்கிறேன் என்று மெனக்கெடாதீர்கள். இப்போது கொஞ்சம் தளர்ந்து போயிருக்கிறதே, அந்தத் தளர்ச்சிக்குத்தான் பையில் வேலை இருக்கிறது. அதே சமயம், தளர்ந்த பந்து வேறு, செத்த பந்து வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பாதிப் பேர் நல்ல பந்தைத் தூக்கி எறிகிறார்கள், மீதிப் பேர் எறிய வேண்டியதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள்.

பழைய பந்து என்றால் எந்தப் பொருளில் செய்தது என்று பார்க்க வேண்டும். பாலியெஸ்டர், அதாவது நாம் பிளாஸ்டிக் என்று சொல்கிற பந்து, அதற்கு வயது ஒரு பொருட்டே இல்லை. லேனின் (பந்து ஓடும் பாதையின்) முன்பகுதியில் பூசியிருக்கும் ஆயிலை உறிஞ்சாது, ஆரம்பத்திலிருந்தே வளையாது, ஆகவே கெட்டுப்போகவும் பெரிதாக ஒன்றும் இல்லை. துளை கைக்குப் பொருந்தி, விரிசல் இல்லாமல் இருந்தால், வலக்கைக்காரர்களுக்குப் பத்தாம் பின் (கடைசி வரிசையின் வலது ஓரம்), இடக்கைக்காரர்களுக்கு ஏழாம் பின் (இடது ஓரம்), இதையெல்லாம் எடுக்க அதைவிட நல்ல பந்து கிடையாது. ஸ்பேருக்கு, அதாவது முதல் உருட்டில் மிஞ்சிய பின்களைச் சாய்க்க, என்று புதிதாக ஒன்று வாங்குமுன் பரணைப் பாருங்கள். இதற்கு மேல் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

யூரித்தேன் கொஞ்சம் சிக்கலான ஆள். 1981-இல் ஏஎம்எஃப் நிறுவனத்தின் ஆங்கிள் பந்தோடு பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்த பொருள் அது. பத்து வருடம் கொடிகட்டிப் பறந்துவிட்டு, 1990களின் தொடக்கத்தில் ஆயிலைக் குடித்து இன்னும் பலமாக வளையும் ரியாக்டிவ் ரெசின் கவர் வந்ததும் ஓரங்கட்டப்பட்டு, இப்போது மறுபடி எல்லார் பையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய யூரித்தேன் பந்து சுலபத்தில் சாகாது. மேல்பரப்பைத் தேய்த்துவிட்டால் கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துவிடும். சீக்கிரமே பிடித்து, சாவகாசமாக ஒரு வில் போல வளையும், கடைசியில் திடீர்த் திருப்பம் எதுவும் இருக்காது. ஆயிலைக் குறைந்த தூரத்துக்கே பூசிய லேனுக்கு அருமையான பந்து. ஆனால் உறிஞ்சாத கவர் என்பதால், முன்பக்கத்து ஆயிலைக் கொண்டுபோய் லேனின் பின்பகுதியில் பூசிவிடும், அதே லேனில் ரியாக்டிவ் போடுகிறவர்கள் உங்களை முறைப்பார்கள். முறைக்கட்டும்.

விஷயம் இருப்பது பழைய ரியாக்டிவ் பந்துகளில்தான். எல்லாரும் தூக்கிப் போடுவதும் அதைத்தான்.

பந்து ஏன் வளைய வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தால் இது சுலபமாகப் புரியும். பந்தை விடும்போது தாண்டக் கூடாத கோடான ஃபவுல் லைனிலிருந்து முதல் பின்னுக்கு 60 அடி, லேனின் அகலம் மூன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, குறுக்கே 39 பலகை. ஓரத்தில் நின்று நேராக விட்டால் பாக்கெட்டுக்குள் (வலக்கைக்காரருக்கு 1, 3 பின்களுக்கு நடுவில்) பந்து நுழையும் கோணம் 2 டிகிரிகூட வராது. நுழைகிற கோணம் 6 டிகிரியை ஒட்டி வரும்போதுதான் ஸ்ட்ரைக் (ஒரே உருட்டில் பத்தும் சாய்வது) வாய்ப்பு நன்றாக ஏறுகிறது. அந்தக் கோணத்தை வளைவு மட்டும்தான் கொடுக்க முடியும். அதனால்தான் கவரில் நுண்துளைகள், உள்ளே விதவிதமான வடிவத்தில் கோர், எல்லாமே. வலக்கைக்காரர் போடும் கச்சிதமான ஸ்ட்ரைக்கில் பந்து நேராகத் தொடுவது நாலே பின்களைத்தான்: 1, 3, 5, 9. மற்ற ஆறும் பின் மேல் பின் விழுந்து சாய்வது. பாக்கெட்டை அடையும்போது பந்திடம் சக்தி மிச்சம் இல்லையென்றால் 3-ஐத் தொட்டதும் ஒதுங்கிப் போய்விடும், 5-உம் 9-உம் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது சாயங்கால ஆட்டத்தை யோசித்துப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் ஆயில் புதிது. பெரிய கோர், சொரசொரப்பான கவர் வைத்த புதுப் பந்து பிரமாதமாக வேலை செய்யும். லேனில் வரைந்திருக்கும் அம்புக்குறிகளில் இரண்டாவதன் மேல், அதாவது பத்தாம் பலகையை ஒட்டி, லேனில் இருக்கிற அத்தனை பேரும் உருட்டுகிறார்கள். ஒவ்வொரு ரியாக்டிவ் பந்தும் அந்த வழியில் கொஞ்சம் ஆயிலைக் குடித்துவிட்டுப் போகிறது. இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் அந்தப் பாதை வறண்டுவிடும். நேற்று வாங்கிய முரட்டுப் பந்து இப்போது 30 அடியிலேயே தரையைப் பிடித்துக்கொண்டு, பாக்கெட் வரும் முன்னாலேயே தன் சக்தியைச் செலவழித்துவிடுகிறது. பார்க்க நல்ல பந்து மாதிரிதான் இருக்கும், பாக்கெட்டில்தான் விழும். ஆனால் 6-ஆம் பின் பாய்ந்து போய் 10-ஐத் தட்டாமல், சோர்ந்துபோய்ப் பக்கத்துக் குழியில் சரிந்து படுத்துக்கொள்ளும். 10 நின்றுகொண்டு உங்களைப் பார்க்கும். ஃப்ளாட் டென் என்று நாம் புலம்புவது இதைத்தான். துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தோளைக் குலுக்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. இரண்டு முறை தொடர்ந்து அப்படி நின்றால் அது துரதிர்ஷ்டம் இல்லை, பந்து சொல்கிற செய்தி.

அப்போது என்ன செய்வார்கள்? ஐந்து பலகை இடதுபக்கம் நகர்வார்கள், அப்புறம் இன்னும் ஐந்து. கடைசியில் லேனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எறிந்து, திரும்பி வருமா வராதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். கையில் நல்ல வேகமும் சுழற்சியும் இருக்கிறவர்களுக்கு அது விளையாட்டு. நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே குறி தவறுவதற்கு வழி அதிகம், திருத்திக்கொள்ள இடம் குறைவு.

பழைய பந்து எடுக்க வேண்டிய நேரம் அதுதான். ஆயிலை முன்பு போல வேகமாகக் குடிக்காத கவர், மிதமான கோர், தேய்ந்து வழவழப்பான மேல்பரப்பு, இதெல்லாம் சேர்ந்து அந்தப் பந்து வறண்ட முன்பகுதியைச் சட்டை செய்யாமல் தாண்டிவிடும். நீங்கள் இரண்டாவது, மூன்றாவது அம்புக்குறிக்கு நடுவிலேயே நின்று ஆடலாம். கடைசியில் துள்ளிக்கொண்டு திரும்பாது, ஆனால் எங்கே திரும்பும் என்று தெரியும். என் பையில் இருக்கிற பழையதை நான் எடுப்பது பெரும்பாலும் மூன்றாவது ஆட்டத்தில்தான். முதல் ஆட்டத்தில் அதே பந்து பத்தாம் பலகையில் வழுக்கிக்கொண்டு போய் 3-ஆம் பின்னை மட்டும் தடவிவிட்டு வரும். இரண்டுமே அந்தப் பந்தின் குணம்தான். எடுக்கிற நேரம்தான் வேறு.

சரி, தளர்ந்ததா செத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பந்து திரும்பி வந்ததும் உடனே துண்டால் துடைக்காதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். மேலே மெல்லிய ஆயில் வளையங்கள் தெரியும். நல்ல கோர் உள்ள பந்தில் அவை ஒன்றின் மேல் ஒன்று படியாமல், இரண்டு இடத்தில் மட்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, நடுவில் விசிறியாக விரிந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஆயில் படாத புது இடம் தரையைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். லேபிளுக்குக் கீழே தட்டையான கட்டி மட்டும் இருக்கிற மிகப் பழைய பந்துகளில் விசிறி இருக்காது, தடித்த ஒரே பட்டைதான். அது குறை இல்லை, அந்தப் பந்தின் பிறவிக் குணம். அப்படிப்பட்ட பந்து ஆயில் இருக்கிற வரை வழுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் போதும். அடுத்தது, பந்தை ரேக்கில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து அதே வளையத்தைப் பாருங்கள். ரியாக்டிவ் கவர் உயிரோடு இருந்தால் வளையம் மங்கியிருக்கும், ஆயிலை உள்ளே இழுத்திருக்கும். போட்டபடியே பளபளவென்று நின்றால் கவர் நிறைந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். லேனிலும் தெரியும். தளர்ந்த பந்து தாமதமாகவாவது திரும்பும். ஊறிப்போன பந்து ஆயில் முடிந்து உலர்ந்த இடத்துக்கு வந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் "செத்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதுமுன் மேல்பரப்பைத் தொட்டுப் பாருங்கள். என் கணக்கில், செத்தது என்று சொல்லப்படுகிற பந்துகளில் பாதிக்கு மேல் வெறுமனே வழவழத்துப் போனவை. லேனிலும் பந்து திரும்பி வருகிற இயந்திரத்திலும் உரசி உரசி, 2000 கிரிட் சொரசொரப்பில் வாங்கிய பந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். ஈரமான அப்ராலான் பேடில் (பந்தைத் தேய்க்கும் உரசு பேட்) 1000, அப்புறம் 2000 என்று பந்தின் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் தேய்த்துவிட்டு ஒரு முறை உருட்டிப் பாருங்கள். தேய்க்கும்போது பேடில் பழுப்பாக ஒரு சேறு வரும், விரலில் ஒட்டினால் பிசுபிசுக்கும், எத்தனை நாள் அழுக்கு என்று அப்போதுதான் தெரியும். இதையெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். போட்டி நடக்கும்போது தேய்க்கக் கூடாது. நடுவில் துடைக்க உலர்ந்த துண்டு போதும்.

அதற்கும் அசையவில்லை என்றால்தான் ஆயிலை வெளியே எடுக்கிற வேலை. விரல் துளைகளை டேப்பால் நன்றாக மூடிவிட்டு, சூடான தண்ணீரில், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பந்தை முக்கி வைப்பது. தண்ணீர் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டவே கூடாது, கொதிக்கிற தண்ணீர் என்ற பேச்சே வேண்டாம். வெளியே எடுத்தால் மேலே முத்து முத்தாக ஆயில் பூத்திருக்கும், துடைத்துவிட்டு மறுபடி முக்கலாம், பூப்பது நிற்கும் வரை. சமையல் அடுப்பில் வைப்பது, மைக்ரோவேவ், கார் டாஷ்போர்டு, இந்த வீரவிளையாட்டெல்லாம் வேண்டாம். கவரும் கோரும் வேறு வேறு வேகத்தில் விரியும் பொருட்கள். பந்து வெடிப்பதற்கு அது போதும். காரின் டிக்கியிலேயே வருடம் முழுக்கப் பந்தை வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

விரிசலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரண்டு விரல் துளைகளுக்கும் நடுவில் இருக்கிற குறுகிய பாலத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே ஆரம்பித்துவிட்டது. பாலத்தில் மட்டும் இருக்கிற சின்ன விரிசலை நிரப்பிச் சரிசெய்யலாம். ஆனால் விரிசல் பந்தைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டால் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள், அதற்குச் செலவு செய்வது வீண்.

பந்து நன்றாக இருந்தும் கைக்குப் பொருந்தாமல் போவதுதான் எனக்குத் தெரிந்து அடிக்கடி நடப்பது. வருடங்கள் போனால் கட்டைவிரல் தடிக்கும், மணிக்கட்டு தளரும், 16 பவுண்டு தூக்கியவர் 14-க்கு வந்திருப்பார். கனத்தை மாற்ற முடியாது, அந்தப் பந்தை விட்டுவிட வேண்டியதுதான். துளையை மாற்றலாம். பழைய துளைகளைப் பிசினால் அடைத்து, இறுகியதும் உங்கள் இன்றைய கை அளவுக்கு மறுபடி துளையிடுவார்கள். அப்படிச் செய்யும்போது பழைய லேஅவுட்டையே (துளைகள் அமையும் இடத்தையே) திரும்பப் போடச் சொல்லாதீர்கள். முன்பெல்லாம் பந்தின் சுழல் அச்சு எங்கே வருகிறது என்று அளக்காமல், எல்லாருக்கும் அதிகம் வளைய வைக்கும் லெவரேஜ் அமைப்பு என்று ஒரே மாதிரி துளையிட்ட காலம் ஒன்று இருந்தது. உங்கள் அச்சுப் புள்ளியை அளந்து, பந்தின் மேல் கோரின் இடத்தைக் காட்டும் 'பின்' என்ற புள்ளியை அதிலிருந்து தள்ளி வைத்து, விசிறி குறைவாக விரியும்படி கேளுங்கள். இந்தப் பந்துக்கு நாம் கொடுக்கப்போகிற வேலை வறண்ட லேனில் அமைதியாகப் போவது, அதற்குத் தகுந்த துளை வேண்டும்.

விதிகள் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், முக்கியமாக லீக்கிலோ போட்டியிலோ ஆடுகிறவர்கள். அமெரிக்காவின் பவுலிங் ஆட்சி அமைப்பான யுஎஸ்பிசி 2020 ஆகஸ்ட் 1 முதல் சமநிலைத் துளையை, அதாவது விரல் நுழைக்காமல் எடைக்காக மட்டும் போடுகிற நாலாவது துளையை, ஒழித்துவிட்டது. அதற்கு முன் துளையிட்ட பந்துகளில் இது நிறைய இருக்கும். அடைக்காமல் எடுத்துப் போனால் ஆடவிடமாட்டார்கள். பந்தில் எந்தத் துளை இருந்தாலும் எறியும்போது அதில் விரல் இருந்தாக வேண்டும் என்பதால், கட்டைவிரல் போட்ட பழைய பந்தை இப்போது இரண்டு கையால் கட்டைவிரல் இல்லாமல் எறிகிறவர்கள் அந்தத் துளையையும் அடைக்க வேண்டும். துளையை அடைத்தால் பந்தின் எதிர்வினை மாறும். சிலருக்குத் தங்கள் பழைய பந்து திடீரென்று சாதுவானது போலத் தோன்றுவதற்கு அதுதான் காரணம், பந்துக்கு வயதானது இல்லை.

ஒப்புதல் பட்டியலும் நிலையானது இல்லை. மோட்டிவ் நிறுவனத்தின் ஜாக்கல், ஜாக்கல் கார்னேஜ் இரண்டும் வந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, 2016-இல் டிஃபரன்ஷியல் (பந்து எவ்வளவு விசிறி விரிக்கும் என்பதற்கான கோரின் அளவு) 0.060 என்ற வரம்பைத் தாண்டுகிறது என்று ஒப்புதலை ரத்து செய்தார்கள். 2022-இல் பர்ப்பிள் ஹாமர் என்ற யூரித்தேன் பந்தில் 2016, 2017 ஆண்டுகளில் தயாரானவற்றை மட்டும், கடினத்தன்மை போதவில்லை என்று தேசியப் போட்டிகளில் தடுத்தார்கள். ஒரே பெயர், ஒரே நிறம், தயாரான வருடத்தைப் பொறுத்து ஒன்று செல்லும், இன்னொன்று செல்லாது. பழைய பந்தைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் பேரைப் பார்ப்பதோடு நிற்காமல் வரிசை எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.

பையில் எங்கே வைப்பது? மூன்று பந்துப் பை என்றால் ஒரு வலுவான ரியாக்டிவ், ஒரு பழையது, ஒரு பிளாஸ்டிக், இதுவே எனக்குப் போதுமானதாகப் படுகிறது. நாலு என்றால் நடுவில் ஒரு நிதானமான புதுப் பந்து. பழையதும் அந்த நிதானமான பந்தும் ஒரே வேலையைச் செய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே லேனில், ஒரே இடத்தில் நின்று, ஒரே பலகை மேல் இரண்டையும் மாற்றி மாற்றி உருட்டி, எது எத்தனை அடியில் திரும்ப ஆரம்பிக்கிறது என்று பின்னால் நிற்கும் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். எறிகிறவர் கண்ணுக்குத் தன் பந்து எப்போதும் பிரமாதமாகத்தான் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் திரும்பினால் ஒன்று வெறும் சுமை. அப்போது பழையதை இன்னும் பாலிஷ் போட்டு இன்னும் தாமதமாகத் திரும்ப வைக்கலாம், அதற்குப் பணமும் அதிகம் ஆகாது. புதுப் பந்தில் இந்தத் துணிச்சல் வராது, பழையதில் எதையும் செய்து பார்க்கலாம்.

ஆயில் நீளத்தையும் பார்த்து முடிவு செய்கிறேன். நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால் பந்து எந்தப் பலகைக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். 35 அடி என்றால் 4-ஆம் பலகை, ஓரத்தை ஒட்டி. பின்னால் உலர்ந்த இடம் தாராளமாக இருக்கும், முரட்டுப் பந்து அங்கே எகிறும், பழையது சமர்த்தாக வரும். 40 அடியில் மூன்றாம் ஆட்டம் வரை காத்திருப்பேன். 45 அடி, 46 அடி என்று தாளில் போட்டிருந்தால் கதை வேறு, திரும்புவதற்குப் பின்னால் 14, 15 அடிதான் மிச்சம், தளர்ந்த பந்துக்கு அது பத்தாது. அன்றைக்கு அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன், பையாவது 15 பவுண்டு குறையட்டும்.